ஒரு கண்ணியைக் கருதுக

பேரிடர்க் காலப் பங்கீட்டு விதியை அன்று காலை வெண்பலகையில் எழுதியவள் நான். அதன் கீழே ‘நிறுவப்பட்டது’ என்று எழுதி, இரண்டு கோடுகள் இழுத்தவளும் நானே. பிற்பகலில் அதே விதி என் தம்பியின் தலை ஸ்கேன் படத்தை மலைமுனையில் பிடித்து நிறுத்திவைத்திருந்தது.

முதற்கண் அமைப்பை விளக்குதல் வேண்டும். எங்கள் பகுதியின் தரவுகள் அனைத்தும் மண்ணுக்கடியில் செல்லும் கண்ணாடியிழை வடம் ஒன்றின் வழியே போய்வந்தன. தொடர்மழையில் சரிந்த மலை, சாலையோடு சேர்த்து அவ்வடத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவை எப்போதோ கைவிடப்பட்ட நான்கு வானலைக் கோபுரங்கள். அவை வரிசையாக நகரம், பாலம், அணை, மலைமுனை ஆகிய இடங்களில் நிற்பவை. அடுத்தடுத்த இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தொடர்பைக் கண்ணி என்று அழைப்போம். எனவே கண்ணிகள் மூன்று. வடம் சுமந்ததில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவற்றால் சுமக்க இயலாது. இருப்பதைப் பகிர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலை.

தரவுகளின் போக்கு இருவகைப்படும். ஒரு கண்ணியில் தொடங்கி அதிலேயே முடிவது குறும்போக்கு. பாலத்தடியில் இருப்பவர் நகரத்திலுள்ள தம் கடைக்கு அனுப்புவது இதற்கு எடுத்துக்காட்டு. மூன்று கண்ணிகளையும் கடந்து செல்வது நெடும்போக்கு. மலைமுனை மருத்துவமனையிலிருந்து நகரப் பெருமருத்துவமனைக்குச் செல்லும் யாவும் இவ்வகையின. இடைக் கோபுரங்களில் எதையும் சேமித்துவைக்க வசதி இல்லை. ஆகவே நெடும்போக்கு நகர வேண்டுமாயின், மூன்று கண்ணிகளும் ஒரே கணத்தில் வழிவிட வேண்டும். இந்த வாக்கியத்தை நான் காலையில் என் கையாலேயே பலகையில் எழுதினேன். எழுதிவிட்டு, அது கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக் காதில் வாங்காமல் கடந்து சென்றேன்.

விதி இதுவே. நெடும்போக்கின் ஒரு துளி மூன்று கண்ணிகளில் இடம் பிடிக்கிறது. அதே இடத்தில் குறும்போக்கின் மூன்று துளிகள் செல்லலாம். மொத்தத்தில் மிகுதியாக அனுப்புதலே நோக்கமாயின், குறும்போக்கிற்கு முன்னுரிமை தருக. அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் நெடும்போக்கை விடுக. ஒவ்வொரு கண்ணியிலும் குறும்போக்கின் சுமை நூற்றுக்கு ஐம்பது. நெடும்போக்கின் சுமை முப்பது. கூட்டினால் எண்பது. நூற்றுக்குக் குறைவு. ஒரு கண்ணியின் சராசரிச் சுமை அதன் கொள்ளளவிற்குக் குறைவாயின், அதில் நிற்கும் வரிசை வரம்பின்றி வளராது என்பது தேற்றம். நாற்பது வயதைக் கடந்தபின் அஞ்சல்வழியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றவள் நான். அத்தேற்றத்தை நிறுவலோடு மனத்திலிருந்து ஒப்பிப்பேன். அலுவலகத்தில் எனக்குத் ‘தேற்றம்’ என்ற பட்டப்பெயர் வாய்த்ததும் அதனால்தான். அதனைச் சூட்டியவன், இதே தொலைத்தொடர்பு நிறுவனத்தில் கம்பியாளாகப் பணிபுரியும் என் தம்பி.

“மொத்த அளவைப் பாருங்க, தேற்றம்!” என்றார் மேலாளர். அவர் கையில் இருந்த கோப்பை தளும்பியது. “இந்தக் கோபுரங்கள்ல இவ்வளவு போனதா சரித்திரமே இல்ல. மேலிடத்துலேர்ந்து கூப்பிட்டு யாரு எழுதுன விதின்னு கேட்டாங்க. உங்க பேரைத்தான் சொன்னேன்.”

எங்கள் சுவர்த்திரையில் மூன்று கண்ணிகளுக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. சுமை எழுபதுக்குக் கீழே இருந்தால் பச்சை, தொண்ணூறு வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பச்சையைக் கண்டால் மேலாளருக்குப் பசி எடுக்கும், மஞ்சளைக் கண்டால் வயிற்றைக் கலக்கும் என்பது அலுவலக வழக்கு. ஆகவே அவர் இல்லாத இடத்தில் அவர் பெயர் ‘பச்சை’.

“சுருக்கமா சொன்னா, இன்னிக்கு அக்காவுக்குச் சிலை வைக்கணும்” என்றான் இளம் பொறியாளன். வாயைத் திறந்தால் அந்தச் சொல்லில்தான் தொடங்குவான், முடிக்கத்தான் தெரியாது. அவன் பெயர் ‘சுருக்கு’.

“சிலைக்கு முன்னாடி அந்த நாற்காலிக்கு ஒரு கால் வை. காலையிலேர்ந்து ஆடுது” என்றேன்.

அப்போது பேச்சுக் கருவி ஒலித்தது. கோபுரங்களில் பேச்சுக்கென்று மெல்லிய அலைவரிசை ஒன்று தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் குரல் செல்லும், வேறெதுவும் செல்லாது. மலைமுனையிலிருந்து என் தம்பியின் மனைவி அழைத்தாள். அவள் அங்கு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் பணிபுரிபவள். எளிதில் குரல் உடையாதவள்.

“அண்ணி, பதறாதீங்க. அவர் விழுந்துட்டார்.”

“எங்கேர்ந்து?”

“கம்பத்துலேர்ந்து. அறுந்த வடத்தோட இந்தப் பக்கத்து முனையைக் கட்டப் போனார். தலையில அடி. இப்போ பேசுறார். நல்லாத்தான் பேசுறார்.” கருவி கைமாறும் ஓசை கேட்டது.

“ஏய் தேற்றம்!” என்றது என் தம்பியின் குரல். “கம்பத்துக்கு ஒண்ணும் ஆகல. நீ கவலைப்படாத.”

“வாயை மூடிக்கிட்டுப் படு.”

“படுத்துத்தான் இருக்கேன். உன் வரிசையில நின்னு கால் வலிச்சுது, படுத்துட்டேன்.”

சிரித்தான். சிரிப்பின் நடுவே நிறுத்தினான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

செய்தியை அவன் மனைவி கூறினாள். தலைக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. அங்குள்ள மருத்துவர் பொதுமருத்துவர். மண்டையோட்டினுள் இரத்தக் கசிவு உண்டா என்பதை நகரத்து நரம்பு மருத்துவர் படத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். உண்டு என்றால் உடனே அறுவை; அதற்கு அவனை நகரத்திற்குக் கொண்டுவர வேண்டும். சாலை இல்லை. ஒரே ஒரு ஹெலிகாப்டர் நகர மைதானத்தில் நிற்கிறது. வெள்ளத்தில் சிக்கியவர்கள் பல திசைகளிலிருந்தும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர் ஒப்பாமல் அது கிளம்பாது; வெளிச்சம் போனபின் மலையைத் தாண்டாது.

“படம் போயிட்டிருக்கா?” என்றேன்.

“பதினோரு சதவீதம்னு காட்டுது அண்ணி. அப்போலேர்ந்து பதினொண்ணுதான்.”

“போயிடும். பாதி நேரம் கண்ணி சும்மாத்தான் இருக்கு. உங்களுக்கு வேண்டியது முப்பதுதான். இது நான் எழுதுன விதி. கண்டிப்பா போயிடும்.”

“நீங்க சொன்னா சரி” என்றாள் அவள். அந்த மூன்று சொற்களை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அறையின் மேற்குப் பக்கத்தில் கையகலச் சன்னல் ஒன்று இருந்தது. மழை விட்டிருந்தது. மேகத்தின் அடியில் வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சன்னலுக்கும் திரைக்கும் இடையே என் கண் மாறி மாறிச் சென்றது. மூன்று கட்டங்களும் பச்சை.

மீண்டும் அழைத்தேன். பன்னிரண்டு என்றாள்.

“படத்தைச் சின்னதா ஆக்கி அனுப்பச் சொல்லுங்க” என்றான் சுருக்கு, என் தோளருகே குனிந்து.

“திரையைக் கைப்பேசியில படம் எடுத்துக்கூட அனுப்பிப் பார்த்தோம்” என்றாள் அவள். “அதுவும் இதே வரிசையிலதான் பின்னாடி நிக்குது. எங்களுக்கு முன்னாடியே நிறைய நிக்குது அண்ணி. காலையிலேர்ந்து அனுப்புன ரத்த அறிக்கையே இன்னும் போகலையாம்.”

காலையிலிருந்து என்ற சொல் என்னைத் தைத்தது. முப்பது போகவேண்டிய இடத்தில் ஐம்பது காலியாக இருக்க, காலை அறிக்கை மாலை வரை நிற்பதற்குக் காரணம் யாது?

“அப்புறம்…” அவள் தயங்கினாள். “ரெண்டு தரம் வாந்தி எடுத்தார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்குறார். இப்போ என்னை அம்மான்னு கூப்பிட்டார்.”

எங்கள் அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

“அவனைத் தூங்க விடாத. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு” என்று சொல்லி, கருவியை மேசைமேல் வைத்தேன். திரையிலிருந்த எண்களைப் படித்தேன். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு.

குறைந்த எண்ணைக் கண்டால் மகிழ்ந்து, மேலே கேளாமல் இருப்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். சுமை ஏறினால் ஓடிவருவோம்; இறங்கினால் தேநீர் குடிப்போம். ஆயினும் கணக்கின்படி அங்கு இருக்க வேண்டியது எண்பது. எஞ்சிய பதினெட்டு எங்கே போயிற்று? வரவில்லை என்றால் வரிசை இருக்கக்கூடாது. வரிசை இருக்கிறது, ஆகவே அது வந்து, போகமுடியாமல் நிற்கிறது. குறும்போக்கின் ஐம்பதைக் கழித்தால் நெடும்போக்கிற்குக் கிடைத்தது பன்னிரண்டு; சரியாகச் சொன்னால் பன்னிரண்டரை. நூற்றில் பன்னிரண்டரை என்பது எட்டில் ஒன்று.

எட்டில் ஒன்று என்பது பாதியின் பாதியின் பாதி.

முதல் கண்ணி பாதி நேரம் ஓய்வாக உள்ளது. இரண்டாவதும் பாதி நேரம். மூன்றாவதும் அவ்வாறே. ஆனால் அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஓய்வதில்லை. முதலாவது ஓய்ந்திருக்கும்போது இரண்டாவது ஓய்ந்திருப்பது பாதிக்குப் பாதி; அவ்விரண்டும் ஓய்ந்திருக்கையில் மூன்றாவதும் ஓய்ந்திருப்பது அதிலும் பாதி. மூன்று கதவுகளும் ஒருசேரத் திறக்கும் நேரம் எட்டில் ஒன்றே. முப்பது வந்துகொண்டிருக்கிறது, பன்னிரண்டரை போய்க்கொண்டிருக்கிறது. வரிசை நிலைபெறாது. காலையில் தொடங்கி ஒவ்வொரு நொடியும் நீண்டுகொண்டேயிருக்கிறது. திரை பச்சையாக இருப்பது, சுமை இல்லாததால் அன்று. சுமையை வாசலிலேயே நிறுத்தியதால்.

பலகையைப் பார்த்தேன். என் எழுத்து அழகாகவே இருந்தது. ‘ஒரு கண்ணியைக் கருதுக’ என்று அது தொடங்கியது. ‘ஏதேனும் ஒரு கண்ணி’ என்று நான் அதைப் படித்திருந்தேன்: முதலாவதை எடுத்தாலும் பொருந்தும், இரண்டாவதை எடுத்தாலும் பொருந்தும், மூன்றாவதற்கும் பொருந்தும் என்று. நூலில் எழுதியவர் கருதியதோ ஒன்றே ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் வேறு கண்ணி இல்லாத, தனித்த ஒன்று. தமிழில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. நான் எனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டேன்.

“சார்” என்றேன். “விதியை மாத்தணும். இப்பவே.”

மேலாளர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எதை மாத்தணும்? எல்லாம் பச்சையா இருக்கே.”

“பச்சையா இருக்கிறதுதான் தப்பு.”

“காலையில நீங்கதானே நிறுவினீங்க? அதோ, ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க.” பின்பு குரலைத் தாழ்த்தினார். “தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். எனக்கும் கூடப்பிறந்தவங்க இருக்காங்க. அந்த ஒரு படத்தை மட்டும் தூக்கி முன்னால விடுங்களேன். நான் பார்க்காத மாதிரி இருந்துக்குறேன்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆயின் அது இயலாத காரியம். எங்கள் வழியே செல்லும் யாவும் முத்திரையிட்ட உறைகள். எந்த உறைக்குள் மண்டையோடு உள்ளது, எதற்குள் திரைப்படம் உள்ளது என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

“உறையைப் பிரிக்க முடியாது சார்.”

“அப்போ குறும்போக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்திடலாமா?”

“ஐயோ, அணை!” என்றான் சுருக்கு. “நடுக் கண்ணியில நீர்மட்டக் கணக்கு போகுது சார். அது நின்னா, மதகுல இருக்கிறவங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. அதுவும் உறைக்குள்ளதான். தனியா பிரிக்க முடியாது.”

மேலாளர் நாற்காலியில் அமர்ந்தார். அது ஆடியது. “அப்போ நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. விதி தப்புன்னு சொல்றீங்களா, இல்ல தம்பிக்காகச் சொல்றீங்களா? நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்லட்டும்? காலையில நிறுவுனது சாயங்காலம் தப்பாயிடுச்சுன்னா?”

கேள்வி நியாயமானது. தம்பி கம்பத்தில் ஏறாதிருந்தால் நான் அறுபத்திரண்டை உற்றுப் பார்த்திருப்பேனா என்பது ஐயமே. ஆகவே அவனை விடுத்து, எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். பலகை அருகே சென்று, ‘நிறுவப்பட்டது’ என்பதை உள்ளங்கையால் துடைத்தேன். மை கையில் ஒட்டியது.

“என் தம்பியை மறந்துடுங்க சார். ஐம்பதும் முப்பதும் எவ்வளவு?”

“எண்பது.”

“திரையில எவ்வளவு?”

அவர் பார்த்தார். “அறுபத்திரண்டு.”

“மிச்சம் பதினெட்டு வீட்டுக்குப் போயிடுச்சா? வாசல்ல நிக்குது. நாளைக்கு இன்னும் நிக்கும். வடம் சரியாகற வரைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நீளும். நான் ஒரு கண்ணிக்கு உள்ள தேற்றத்தை மூணு கண்ணிக்குப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. மேலிடத்துல யாரு எழுதுனதுன்னு கேட்டாங்களே, தப்பு பண்ணதும் அதே ஆள்தான்னு சொல்லுங்க.”

சுருக்கு தாளில் எதையோ பெருக்கிப் பார்த்தான். “பாதி, பாதி, பாதி…” என்று முணுமுணுத்தவன், “சார், அக்கா சொல்றது சரி” என்றான். அவன் வாழ்நாளில் சொன்ன மிகச் சுருக்கமான வாக்கியம் அதுவாகவே இருக்கும்.

“வேற விதி இருக்கா?” என்றார் மேலாளர்.

“கோபுரத்துலயே இருக்கு சார். நான்தான் காலையில அணைச்சு வச்சேன். ஒவ்வொரு கண்ணியும் நிரம்ப நிரம்ப, அது வழியா போற எல்லாருக்கும் ‘குறைச்சுக்கோ’ன்னு சைகை அனுப்பும். நெடும்போக்குக்கு மூணு இடத்துலேர்ந்து சைகை வரும். அதனால அதுக்குக் கிடைக்கிறது குறைச்சல்தான். ஆனா ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. முக்கியமா, காத்து நிக்கிறவங்க கூடக்கூட அவங்க பங்கும் கூடும். அதனாலதான் வரிசை கைமீறிப் போகாது.”

“மொத்த அளவு?”

“இந்த நிமிஷத்துக்குக் குறையும்.”

“பச்சை?”

“போயிடும் சார். தேங்கினது வடியற வரைக்கும் சிவப்புதான்.”

அவர் முகத்தில் ஓடியதை நான் எழுதப்போவதில்லை. எழுந்து வந்து, விசைப்பலகையைத் தம் பக்கம் திருப்பி, தம் கடவுச்சொல்லை அடித்தார். முதல்முறை பிழையாக அடித்தார்.

விதியை மாற்றும்போது ‘படி’ என்றோர் எண்ணைக் குறிப்பிட வேண்டும். சைகை வந்ததும் ஒரு போக்கு தன் வேகத்தை எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இறக்கலாம் என்பதை அது வரையறுக்கும். படி சிறிதாயின் மாற்றம் மெல்ல நிகழும். சன்னலைப் பார்த்தேன். சாம்பல் நிறம் கருமையை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. கையேட்டில் சொல்லியதைப்போல் பத்து மடங்கு பெரிய படியை இட்டேன்.

“அக்கா, அது அதிகம்” என்றான் சுருக்கு.

“நேரம் இல்ல.”

பொத்தானை அழுத்தினேன்.

முதலில் ஏதும் நிகழவில்லை. பிறகு மூன்று கட்டங்களும் ஒருசேரச் சிவந்தன. தொண்ணூற்றொன்பது. மேலாளர் மூச்சை உள்ளிழுத்தார். அடுத்து முப்பது. பச்சை. மீண்டும் தொண்ணூற்றொன்பது. மீண்டும் இருபத்தெட்டு. திரை கண் சிமிட்டுவதுபோல் இருந்தது. வேறொரு பேச்சுக் கருவி அலறியது. அணையின் மதகுக் காவலர்.

“யாருய்யா அங்க விளையாடுறது? நீர்மட்டம் வருது, போகுது, வருது, போகுது! தண்ணி ஏறுதா இறங்குதான்னே தெரியல. மதகைத் திறக்கவா மூடவா? நான் என்ன சோழி உருட்டியா பாக்குறது?”

“எதையும் தொடாதீங்கண்ணே, ஒரு நிமிஷம்” என்றான் சுருக்கு. என்னிடம் திரும்பினான். “குளியலறைக் குழாய் மாதிரி அக்கா. சுடுதண்ணி வர நேரமாகும். வரலையேன்னு முழுசாத் திருகுனா, கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். உடனே மறுபக்கம் முழுசாத் திருகுனா உறைஞ்சு போயிடுவோம். சைகை மலைமுனை வரைக்கும் போய்ச் சேர நேரம் ஆகுது. அது சேருறதுக்குள்ள நாம அடுத்த திருகு திருகிடுறோம்.”

அவன் கூறியது எனக்குத் தெரிந்ததே. பிந்தி வரும் செய்தியைக்கொண்டு விரைந்து திருத்தினால் ஊசல் அடங்காது, பெருகும் என்பதற்கும் தேற்றம் உண்டு, அதையும் ஒப்பிப்பேன். மலைமுனையின் கருவியிலிருந்து என் தம்பியின் மனைவியின் குரல், அவனை நோக்கி, “கண்ணைத் திறங்க, என்னைப் பாருங்க, என் பேரு என்ன சொல்லுங்க” என்பது மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. தொடர்பை நான் துண்டிக்க மறந்திருந்தேன்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். “நீ போடு” என்றேன் சுருக்கிடம். “என் கை அவசரப்படுது.”

அவன் சிறிய படியை இட்டான். கையேட்டில் உள்ளதிலும் பாதி. பிறகு இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். அதைவிடக் கடினமான வேலை ஒன்றை நான் செய்ததில்லை. ஊசல் உடனே நிற்கவில்லை. தொண்ணூற்றாறு, நாற்பத்தைந்து. தொண்ணூற்றைந்து, அறுபது. தொண்ணூற்றைந்து, எழுபத்தெட்டு. ஒவ்வொரு இறக்கமும் முந்தியதைவிட ஆழம் குறைந்து வந்தது. பொத்தானின் மேல் கை வைக்க வேண்டும் என்ற வெறி விரல் நுனிகளில் ஊறியது. இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு திருகு. மேலாளர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்ததில்லை.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. மூன்று சிவப்புக் கட்டங்கள், அசையாமல்.

“நீர்மட்டம் வந்துடுச்சு” என்றார் மதகுக் காவலர். “முன்னைவிட மெதுவா வருது, ஆனா ஒழுங்கா வருது. இனிமே தொடாதீங்கய்யா, புண்ணியமாப் போகும்.”

“சதவீதம் சொல்லு” என்றேன் மலைமுனைக் கருவியில்.

“பதினாலு” என்றாள் அவள். “இருங்க. பதினேழு. அண்ணி, இருபத்தொண்ணு!”

அதன்பின் அவள் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எண்களுக்கு நடுவே அவனிடம் பேசினாள். “நாப்பது. தூங்காதீங்க. நாப்பத்திமூணு. உங்க அக்கா லைன்ல இருக்காங்க, ஏதாவது சொல்லுங்க.” அவன் எதுவும் சொல்லவில்லை. “ஐம்பத்தாறு.” சன்னலில் தெருவிளக்கு ஒன்று எரியத் தொடங்கியது. “எழுபது. எழுபதுலயே நிக்குது அண்ணி.”

“நிக்கட்டும். தொடமாட்டோம்.”

“எழுபத்திரண்டு.”

நூறு என்று அவள் சொல்லவில்லை. “போயிடுச்சு” என்றாள். நகரத்து மருத்துவர் படத்தைத் திறந்து, பார்த்து, முடிவு சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்பதை நான் அளக்கவில்லை. அளக்கத் தெரிந்த எதையும் அப்போது நான் நம்பவில்லை.

ஹெலிகாப்டரின் ஓசை எங்கள் கூரைக்கு மேலே கேட்டது. மூவரும் அண்ணாந்து, எதையும் காட்டாத கூரையைப் பார்த்தோம். மேற்கே வானத்தின் அடியில் வெளிச்சத்தின் கீற்று மட்டும் மிஞ்சியிருந்தது. அது அணைவதற்குள் அந்த ஓசை திரும்பி வந்தது.

“ஏத்திட்டு வந்தாச்சு. ரத்தம் கசியுதாம். நேரா அறுவை அறைக்குக் கொண்டுபோறாங்க” என்றாள் அவள், நகரத்திலிருந்து. அவளையும் கூட ஏற்றியிருந்தார்கள். “நேரத்தோட வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னார் அண்ணி.”

கருவியை வைத்தேன். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

“நல்லபடியா ஆச்சு. தேற்றம், இனிமே… பழைய விதிக்கே போயிடலாமா? பாலத்துக்காரங்க வேகம் குறைஞ்சு போச்சுன்னு கத்துறாங்க. மேலிடத்துல சிவப்பைப் பார்த்துட்டுக் கூப்பிடுறாங்க. உங்க தம்பிதான் வந்தாச்சே.”

நானும் அந்த நொடியில் அதனை எண்ணிப் பார்த்திருந்தேன் என்பதே உண்மை. உட்கார வேண்டும் போலிருந்தது. பச்சையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“படத்துக்கு அப்புறம் வந்த ரத்த அறிக்கையெல்லாம் இன்னும் வாசல்ல நிக்குது சார். அது யாரோட ரத்தம்னு நமக்குத் தெரியாது. என் தம்பிக்காக மாத்தலைன்னு உங்ககிட்டச் சொன்னேன். இப்போ திருப்பி மாத்துனா, அவனுக்காகத்தான் மாத்துனதா ஆயிடும்.”

அவர் பலகையைப் பார்த்தார். நான் துடைத்த இடத்தில் என் உள்ளங்கையின் தடம் இருந்தது. பிறகு அவர் ஒலித்துக்கொண்டிருந்த கருவியை எடுத்தார். “ஆமா சார், சிவப்புதான். தெரியும் சார். வேணும்னுதான் வச்சிருக்கோம்” என்றார்.

மறுநாள் காலையில் வரிசை வடிந்தது. மூன்று கட்டங்களும் எண்பதில் வந்து நின்றன, மஞ்சள். கணக்கில் எவ்வளவு இருந்ததோ, திரையிலும் அவ்வளவே. அறுவை முடிந்து கண்விழித்த என் தம்பி கேட்ட முதல் கேள்வி, “எத்தனை சதவீதம்?” என்பது. அதைக் கேட்டு அவன் மனைவி சிரித்தாளா அழுதாளா என்று கருவியில் தெரியவில்லை.

மேலாளர் கோப்பையோடு வந்து திரையின் முன் நின்றார். “வயித்தைக் கலக்கல” என்றார், தமக்குத் தாமே வியந்து.

“சுருக்கமா சொன்னா சார்…” என்று தொடங்கினான் சுருக்கு. நான் பலகைக்குச் சென்று, ‘ஒரு கண்ணியைக் கருதுக’ என்ற வரியில் ‘ஒரு’வை அடித்து, மேலே சிறிய எழுத்தில் ‘ஒன்றோடொன்று கோத்த மூன்று’ என்று எழுதினேன். இடம் போதவில்லை. கடைசிச் சொல் சுவரில் முடிந்தது.